கீழ்ப்பாதி

மூன்று மெயின் பேரிங். ஆறு பாதி.
பழைய பேப்பரில் வரிசையாக வைத்திருக்கிறேன்.
மேல்ப்பாதிகளில் குறையென்று பெரிதாக ஒன்றுமில்லை.
கீழ்ப்பாதியில்தான்
அம்மை வார்த்திருக்கிறது.

சம்மாந்துறை இஸ்ஸதீன் காக்காவின் மொறிஸ் மைனர்.
அறுபத்திரண்டில் கப்பலேறி வந்த கார்.
கல்முனையில், என் கராஜில்
பிரிந்து கிடப்பது பதினொரு நாளாக.
இஞ்சினைக் கழற்றுமுன்னே அவரிடம் காரணம் இருந்தது:
மச்சான் அலியார்.
"ஒயில் பாக்காம மகாஓயா வெந்நீர் ஊத்துக்கு
ஓடிட்டு வந்தான் மனே.
மறுகாத்தான் இந்தச் சத்தம்."
கோபமும் மறுகாத்தான்.
பெருநாளுக்குக்கூட
கேற் திறக்கவில்லையாம்.

ஒயில் வற்றிய பேரிங்கை எனக்குத் தெரியும்.
வெண்ணெய்போல் இழுபட்டு
உலோகம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும்.
முதுகில் நீலம் பாய்ந்திருக்கும்.
இதில் இழுவையில்லை. நீலமில்லை.

உமித்தூசோ? மில்லுக்குப் பக்கத்தில் நிற்கிற கார்.
தூசு புதைந்தால் நகத்துக்குத் தெரியும்.
நெருடினேன்,
நகம் வழுக்கிக்கொண்டு போனது.

உப்புத்தண்ணியோ?
உப்பு தின்றால் கறையான் தின்ற பலகை,
ஓட்டைக்குக் கரை இராது.
இதற்கு இருக்கிறது.

மணிக்கூடு திருத்துகிற விக்னராசாவிடம்
கண்ணில் இடுக்கும் வில்லையை இரவல் வாங்கி
(வாடகை ஒரு பிளேன்ரீ)
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
கடுகிலும் சிறிய கிணறுகள்.
ஒவ்வொன்றின் விளிம்பும்
உருகி, உடனே உறைந்திருந்தது.
சில கிணற்றிலிருந்து மயிர்க்கீறல் ஒன்று
புறப்பட்டுப் போகிறது.
கிணறு முதலில்.
கீறல், கார் ஓடின பிறகு.

கிராங்கைத் திருப்பினேன்.
அதிலும் அதே கிணறுகள், முகத்துக்கு முகம்,
நின்ற இஞ்சினில் அது
பாரத்தோடு படுத்துக் கிடந்த இடத்தில் மட்டும்.

மின்சாரம்.

நிற்கிற காரின் வயிற்றுக்குள்
ஆர் விட்டது மின்சாரம்?
பற்றரிக்கு இந்த வலு இல்லை.
இரும்பை உருக்குகிற கரண்ட் வேண்டும்.

துசாந்தன் தேத்தண்ணியை வைத்துவிட்டு
இஞ்சின் தாங்கியைக் காலால் தட்டினான்.
"நம்மட வெல்டிங் இன்னும் விடல்ல, பாத்தீங்களா அண்ணன்?
போன ஐப்பசி அடிச்சது."

போன ஐப்பசி.
வெடித்த தாங்கி, மூன்று நிமிட வேலை.
மழை கறுத்துக்கொண்டு வருகிறது.
காக்கா றோட்டில் நின்று நேரம் பார்க்கிறார்.
ஏர்த் கிளிப் கடிக்க
பெயின்ற் இல்லாத இரும்பு தேடி
கைக்கெட்டின கிராங் புல்லியில் கொழுவினேன்.
சுரண்டிவிட்டு, பற்றுமிடத்துக்குப் பக்கத்திலேயே
கொழுவியிருக்கலாம்.
சுரண்ட ஒரு நிமிடம்.

கரண்டுக்கு வேறு வழி விடவில்லை நான்.
கிராங்கில் ஏறி,
பேரிங்கில் குதித்து இறங்கி,
ஒவ்வொரு குதிக்கும் ஒரு கிணறு.
மார்கழியில் அலியார் சாவி கேட்கும்போது
எல்லாம் தோண்டியாகிவிட்டது.

கிராங் அரைக்க வேண்டும்.
பத்துத் தவ் சிறிய சைஸில் புதுப் பேரிங்,
கொழும்பில் இருந்தால்.
கணக்கைச் சிகரெட் பெட்டியில் எழுதி
பெயர் எழுதும் இடத்தில் நின்றேன்.

போன் எடுத்தேன்.
"என்ன மனே, அலியார்தானே?"
"இல்ல காக்கா. ஒயில் இல்லாம ஓடின பேரிங் இப்படி இராது."
மில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"அப்ப... ஒயில் பாத்துத்தான் எடுத்தானா?"
"பாத்திருக்கான்."

போனை அவர் வைக்கவில்லை.
உள்பக்கம் திரும்பிக் கூப்பிடுகிறார்:
"இஞ்ச, உங்கட தம்பிட நம்பர் இரிக்கா?
என்ட போன்ல அழிஞ்சி போச்சி."

அழிஞ்சி போச்சி.
அவரும் அப்படித்தான் சொல்கிறார்.

காதில் போனோடு நிற்கிறேன்.
வெல்டிங் மெசினில்
கிளிப் வாய் மூடித் தொங்குகிறது.
"காக்கா," என்கிறேன்,
"லைன்ல நில்லுங்க. இன்னும் ஒண்டு இரிக்கி."